தளர்த்திய கம்பிகள்

ஜூலை 1, திங்கள்

இந்த நோட்டில் இனி எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். உப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். திட்டம் எழுதாமல் சோதனைக் குழாயைத் தொட்டதில்லை.

1. கிட்டாரை மறுபடி கையில் எடுக்க நேர்ந்த காரணம்.
2. கிட்டார் கம்பிகளை எல்லோரும் கூட்டும் சுருதியில் இல்லாமல் வேறு விதங்களில் கூட்டிப் பார்ப்பது. ஒவ்வொன்றின் பலன்.
3. என் விரல்கள். அவற்றுக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு சாக்கு தேவைப்பட்டால் விரல் வலி என்று சொல்வதாக இருக்கிறேன். பின்னால் நானே குழம்பிவிடக் கூடாது என்பதற்காக உண்மையை இங்கே பதிகிறேன்.
4. என் மனைவி எப்சிபாவின் குரல். ஆபரேஷனுக்குப் பிறகு இறங்கிவிட்டது. எவ்வளவு என்று அளக்க வேண்டும்.
5. பிரதிஷ்டைப் பண்டிகை. அன்று என்ன நடக்கிறதோ அது.

இரண்டாவதில் நான் எழுதுவது தப்பாக இருக்கலாம். சங்கீதம் முறையாகப் படித்தவன் அல்ல. மூன்றும் நான்கும் உறுதி.

இனி முதலாவது. நேற்று ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது டைட்டஸ் வந்தான். பாடகர் குழுவை நடத்துகிறவன், நல்ல பிள்ளை.

"மாமா, பண்டிகைக்கு அந்தப் பாட்டு விஷயம். இந்த வருஷமும் அத்தை பாடலேன்னா, அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டிரலாம்னு பாஸ்டர் சொல்லுதாவ. பொறவு பண்டிகைப் பாட்டுத்தாள்ல அது அச்சுல வராது."

அந்தப் பாட்டு என் மாமனார் எழுதியது. இந்த ஆலயத்தில் உபதேசியாராக இருந்தவர். கட்டடம் பிரதிஷ்டையான நாளுக்காக ஆனந்தபைரவியில் போட்டார். அவருக்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் எப்சி பாடினாள், பக்கத்தில் நான் கிட்டார் வாசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறலாம் என்று டாக்டர் சொல்லித்தான் செய்தார். அதற்குப் பிறகு அவள் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

நான் ஹோட்டலில் தோசை கேட்டு இட்லி வந்தால் இட்லியைத் தின்றுவிட்டு வருகிறவன். அப்படிப்பட்டவன் டைட்டஸிடம், "பாடுவா. போட்டுக்கோ," என்று சொன்னேன்.

"அத்தைட்ட கேட்டுட்டியளா?"

"ம்."

கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சுவரிலிருந்து கிட்டாரை இறக்கினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு. மாட்டி வைத்தபோது கழுத்து வளையாமல் இருக்கட்டும் என்று கம்பிகளை நானே தளர்த்தியிருந்தேன். தடித்த கம்பியை ஞாபகத்திலிருந்து முறுக்கி, மற்ற ஐந்தையும் அதற்கு ஏற்றபடி சேர்த்தேன்.

அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அத்தான், திடீர்னு?"

"சும்மாதான். தூசி தட்டலாம்னு."

"தூசி தட்டுனா சத்தம் வராதே."

மாமனார் பாட்டின் முதல் அடியை வாசித்தேன். மிக்ஸி நின்றது. முனகலாக அவள் கூடவே வந்தாள். மிகவும் கீழே. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கிட்டாரைச் சாத்திவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

ஜூலை 4, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் பெனிட்டா சொல்லச் சொல்ல, போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் முள் ஆடி அது எந்த சுரம் என்று காட்டும். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அப்பா எதையாவது அளந்துகொண்டிருந்தால் நிம்மதி என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரம் கிட்டார் வாசித்துவிட்டு, பேப்பர் படிப்பதுபோல அடுக்களைக் கதவோரம் உட்கார்ந்தேன். எப்சி கீரை ஆய்ந்துகொண்டே முனகினாள். செயலி காட்டிய சுருதி மூன்று கட்டை. இந்தப் பாட்டை அவள் எப்போதும் பாடியது ஐந்து கட்டையில். ஆக இரண்டு கட்டை இறங்கியிருக்கிறது. நான்காவது குறிப்பு உறுதிப்பட்டது.

கிட்டாரையும் சோதித்தேன். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருந்தது. ஞாபகத்தில் முறுக்கியதில் பிசகு. இரண்டும் ஒன்றாக இருந்தது தற்செயல்தான். நல்லதாகப் போயிற்று, திருத்த வேண்டியதில்லை.

ஜூலை 6, சனி

இன்று முதல் சோதனை.

எல்லோரும் கூட்டும் முறையில் ஆறு கம்பியையும் வெறுமனே மீட்டினால் இசையாக ஒன்றும் வராது. இடது கை விரல்களால் மூன்று நான்கு இடங்களை அழுத்தினால்தான் ஒரு ஸ்வரக்கூட்டு கிடைக்கும். ஆனால் கம்பிகளையே ஒரு ஸ்வரக்கூட்டாகக் கூட்டிவிட்டால், ஒரு விரலும் வைக்காமலே கிட்டார் பாடும். செயலியை வைத்து முதலில் எல்லோரும் கூட்டும் சுருதிக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து நான்கு கம்பிகளைத் தளர்த்தி, 'டி' என்ற சுரத்தை ஆதாரமாக வைத்து அப்படிக் கூட்டினேன். அது இரண்டு கட்டை. அவளுக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

முதல் முறை மீட்டியபோது எனக்கே சிலிர்த்தது. ஆலயத்து பைப் ஆர்கன் மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னத்தப் பண்ணுதிய? கம்பி ஏன் தொளதொளன்னு கெடக்கு?"

சாக்கு தயாராக இருந்தது. "விரலு கொஞ்சம் வலிக்குது. இப்படித் தளத்திக் கூட்டுனா அழுத்த வேண்டாம்."

அவள் என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படின்னா நல்லதுதான்," என்று போய்விட்டாள்.

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் நம்பிவிட்டாள்.

ஜூலை 8, திங்கள்

ஊறுகாய் பாட்டிலின் மூடி இறுகாமல் சும்மா வைத்த மாதிரி இருந்தது. தூத்துக்குடிக் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

முனகல் இன்று இரண்டு கட்டை. வியாழனுக்குப் பிறகு இன்னும் ஒரு கட்டை போய்விட்டது! டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு, விரலுக்கா? வாங்க, இன்னிக்கே போவோம்," என்று சேலை மாற்றப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, சனி

காற்று. கொடிக்கயிறு அறுந்து துணியெல்லாம் பக்கத்து வீட்டுப் பூரணத்தம்மா தோட்டத்தில். கிட்டார் தொடவில்லை.

ஜூலை 17, புதன்

முதல் சோதனையின் கூட்டில் ஒரு குறை. அது எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறது. மாமனாரின் பாட்டில் ஓரிடத்தில் சந்தோஷமும் ஏக்கமும் ஒரே சுரத்தில் வரும். அந்த இடத்தில் கிட்டார் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றால் துக்க வீட்டுக்குப் பலூன் கொண்டுபோன மாதிரி இருக்கிறது. மூன்றாவது கம்பியைத் தளர்த்தி ஏக்கமான கூட்டாக மாற்றினேன். அப்போது முழுக்க அழுதது. பண்டிகைக்கு ஆகாது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அந்த மூன்றாவது கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போராடினேன். கடைசியில் சிரிக்கும் இடத்தையும் தாண்டி அரை சுரம் மேலே முறுக்கினேன்.

சிரிப்பும் போயிற்று, அழுகையும் போயிற்று. கம்பிகள் இப்போது ச, ப, ச, ம, ப, ச. கிட்டார் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாடுகிறவள் சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏறக்குறைய தம்புரா. வெளிநாட்டில் இதை யாராவது எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். நான் கண்டுபிடித்தது இன்று சாயங்காலம்.

எப்சி வாசல்படியில் நின்று கேட்டாள். "இது நல்லாருக்கு அத்தான். இத மாத்திராதீய."

முகம் கழுவப் போனேன். தண்ணீர் முகத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாது.

ஜூலை 18, வியாழன்

பெனிட்டா போனில்: "அம்மா நேத்து பாப்பாவுக்கு வீடியோல பாடுனா. சூப்பரா இருந்துச்சுப்பா. எவ்ளோ மேல போறா!" போனின் சின்ன ஸ்பீக்கர் கீழ்ச் சுரங்களை விழுங்கிவிடும், மேலே உள்ளது மட்டும்தான் கேட்கும். மகளிடம் அதை விளக்கினேன். "சரிப்பா," என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

நடந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது டைட்டஸ், "அத்தை, பாட்டு ரெடிதானே? பேரு அச்சுக்குக் குடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான். எப்சி அவனைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்க்கெட் முனை வரை நடந்தோம். அதற்குப் பிறகு அவள்தான் தொடங்கினாள்.

"எப்பம் சொன்னிய?"

"போன மாசக் கடைசி ஞாயித்துக்கெழம."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல?"

"தோணுச்சு."

"பொறவு?"

"பயமா இருந்துச்சு."

"என்னைக் கண்டா? இல்ல, மாட்டேன்னுருவேன்னா?"

"ரெண்டும்தான்."

அவள் நடையை நிறுத்தினாள். நடுரோட்டில். ஆட்டோ ஒன்று ஒதுங்கிப் போனது. "நாப்பத்திமூணு வருஷத்துல நீங்க யார்கிட்டயும் போய் அடிச்சுச் சொன்ன மொதல் வார்த்தை இதுதான். அதையும் எங்கிட்டயா மறைக்கணும்?"

அவளை ஓரமாகக் கூட்டி வந்தேன். அங்கே நின்று கேட்டாள்.

"நீங்க வாசிப்பியளா?"

"வாசிப்பேன்."

"விரலு?"

"அதான் கம்பியத் தளத்தியிருக்கேன்லா."

"அப்பம் பாடுதேன்."

வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினோம். மற்ற ஞாயிறுகளில் வாங்குவதில்லை.

ஜூலை 24, புதன்

முதல் ஒத்திகை, ஹாலில், காபிக்குப் பிறகு. புதிய ச-ப-ச-ம கூட்டு, ஆதாரம் இரண்டு கட்டை. அவள் என் எதிரே நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தொடங்கும்போது முன்பு போலவே கண்ணை மூடினாள்.

முதல் அடியில் கீழே இறங்கும் இடத்தில் சத்தமே இல்லை. வெறும் காற்று. முகத்தைச் சுளித்தாள். சிரமப்படுகிறாள். இரண்டு கட்டையே அவளுக்கு அதிகம் போல. நாளை சொல்லாமல் இன்னும் ஒரு கட்டை இறக்கிவிட வேண்டும். சொன்னால் மனசு சங்கடப்படும்.

ஜூலை 25, வியாழன்

ஆறு கம்பியையும் சமமாக இறக்கி ஒரு கட்டைக்குக் கொண்டுவந்தேன். ஆண்கள் பாடும் சுருதி. அவள் கம்பிகளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், ஒரு கட்டைக்கு வந்துவிட்டாள். பாதியில் இருமினாள். மேலே போகும் சரணம் மட்டும் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

என் பயம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நாம் இறங்க இறங்கக் குரலும் இறங்குகிறது. இது எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

காபிப்பொடி டப்பா மூடியும் இப்போது இறுகுவதில்லை. வயசு ஆகிறது அவளுக்கும்.

ஜூலை 30, செவ்வாய்

இன்னும் அரைக் கட்டை இறக்கினேன். அவளும்.

பூரணத்தம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "சார், வீட்டுக்கு யாரோ ஆம்பள வந்து பாடுத மாதிரி இருந்துச்சே, சொந்தக்காரவியளா?" என்று கேட்டாள். எப்சிக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒத்திகை இல்லை. டைட்டஸிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். நான் சொன்ன வார்த்தைக்காக அவளை ஐந்நூறு பேர் முன்னால் நிறுத்தி, காற்று மட்டும் வந்தால்? அவள் அப்பா கட்டிய பாட்டில்? அதைவிட அந்தப் பாட்டு அச்சில் வராமல் போவது மேல்.

சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அவள் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். "எங்க?" என்றாள். "சும்மா கடைத்தெருவுக்கு," என்றேன். கடைத்தெருவுக்கே போய்விட்டு வந்தேன். வாழைப்பழம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கம்பிகள் இப்போது கிட்டாரின் கழுத்துப் பலகையில் மோதிக் கரகரக்கின்றன. தளர்ச்சி அதிகமாகிவிட்டால் அப்படித்தான். தடித்த கம்பி போட்டால் தீரும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

காலையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரொட்ரிகோ கடைக்குப் போனேன். பழைய துறைமுகச் சாலையில் இசைக் கருவிகள் விற்கிறவர், எனக்கு இருபது வருஷப் பழக்கம். உறையைத் திறந்து ஒரு கம்பியைச் சுண்டினார். அது ஆடி நிற்கவே நேரம் பிடித்தது.

"என்ன சார் இது, கிட்டாரா கொடிக்கயிறா? ரெண்டு சட்டை காயப்போடலாம் போலிருக்கே!"

"கொஞ்சம் கீழ கூட்டியிருக்கேன்."

"கொஞ்சமா? இன்னும் கொஞ்சம் போனா கடலுக்குள்ளல்லா போயிரும்! யாரு பாடுதா, திமிங்கிலமா?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. தடித்த கம்பி மாட்டி நாளை தருவதாகச் சொன்னார். வழக்கமாக அங்கே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன். இன்று திமிங்கிலத்துக்குப் பிறகு உட்கார முடியவில்லை. உடனே திரும்பிவிட்டேன்.

எங்கள் தெரு திரும்பும்போதே கேட்டது. மாமனார் பாட்டு. பக்கத்தில் எங்கேயோ ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட் அருகே வந்ததும் தெரிந்தது, எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து வருகிறது. துணி துவைக்கும் சத்தத்தோடு சேர்ந்து.

அது ஐந்து கட்டை. செயலியைப் பார்க்காமலே தெரியும். கீழே இறங்கும் இடம் தெளிவாக இறங்கியது. சரணத்தில் அவள் மேலே எட்டும் அந்த இடம், கல்யாணமான வருஷம் முதல் முறை கேட்டபோது நான் வாசிப்பை நிறுத்திவிட்டேனே, அந்த இடம், அப்படியே இருந்தது. சின்னக் கரகரப்பு ஒன்று புதிதாக ஓரத்தில் இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார்," பூரணத்தம்மா மதில் மேலிருந்து, "உங்க வீட்டு வாசல்ல நீங்களே விருந்தாளி மாதிரி நிக்கிய? வெளிய தள்ளிப் பூட்டிட்டாவளா?"

பாட்டு நின்றது. எப்சி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அதுக்குள்ள வந்துட்டியளா? கிட்டாரு எங்க?"

"கடையில. நாளைக்குத் தருவாரு." உள்ளே போய் உட்கார்ந்தேன். "எப்சி, இப்பம் பாடுனியே, அது யாரு பாடுனது?"

"இதென்ன கேள்வி. பூரணமா பாடுவா?"

"பொறவு எங்கூடப் பாடும்போது மட்டும் ஏன் அவ்வளவு கீழ பாடுத?"

"நீங்க கீழ வாசிக்கிய. நான் மேல நின்னா ஒட்டுமா?"

"நீ கீழ பாடுன, அதனாலதான் நான் கீழ வாசிச்சேன்."

"நான் எங்க கீழ பாடுனேன்? மொத நாளே நீங்கதான் எறக்கி வாசிச்சிய. விரலு வலிக்குதுன்னு வேற சொன்னிய. மேல பாடுனா நீங்க கம்பிய முறுக்கணும், முறுக்குனா அழுத்தணும். பாவம், அந்த மனுசன் ஆசைப்பட்டு எடுத்திருக்காவன்னு நானும் உங்க பொறத்தாலயே எறங்கி எறங்கி..." அவளுக்கு மூச்சு முட்டியது. "எவ்வளவுதான் எறங்குவேன் அத்தான்? போன வாரம் பாடும்போது எங்கப்பாவே எந்திரிச்சு வந்து பாடுத மாதிரி இருந்துச்சு. எனக்கே பயமாப் போச்சு!"

நான் சிரித்தேனா அவள் முதலில் சிரித்தாளா என்று தெரியாது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் இருமினேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "அப்பம் ரெண்டு வருஷமா கோயில்ல ஏன் பாடல?"

"ஆஸ்பத்திரிலருந்து வந்து பாக்கேன், கிட்டாரு செவத்துல தொங்குது. கம்பியெல்லாம் தளத்தி. சரி, அவியளுக்கு இனி முடியாது போலன்னு நெனச்சேன். நீங்க பக்கத்துல இல்லாம நான் மட்டும் போயி நின்னு என்னத்தப் பாட?"

"நீ இனி பாட மாட்டியேன்னுதான் நான் அத மாட்டுனேன்."

பின்கட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை அடைத்துவிட்டு வந்தாள்.

"விரல் வலியும் சாக்குதான்," என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிடும் நாளாக இருக்கட்டும் என்று. "உனக்காகத் தளத்துறேன்னு சொன்னா சங்கடப்படுவன்னு."

அவள் என் கையைப் பார்த்தாள். "ம்," என்றாள். சோறு வடிக்கப் போய்விட்டாள்.

எங்கள் ஆய்வகத்தில் உப்பைச் சோதிக்கும் முன், உப்பே இல்லாத வெறும் தண்ணீரை ஒருமுறை சோதிப்போம். குறை உப்பில் இருக்கிறதா, நம் கருவியில் இருக்கிறதா என்று பிரித்து அறிய. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கெல்லாம் அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கிட்டார் இல்லாமல் அவள் பாடுவதை ஒரு நாளும் அளக்கவில்லை நான்.

நான்காவது குறிப்பை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

ரொட்ரிகோவிடம் தடித்த கம்பியைக் கழற்றச் சொல்லி, பழைய அளவுக் கம்பியையே போடச் சொன்னேன். "ராவோட ராவா திமிங்கிலம் கரை ஏறிருச்சா சார்?" என்றார். "என் வீட்டம்மாதான் பாடுதாவ," என்றேன். அவருக்கு முகம் எப்படியோ போயிற்று. ஒரு கேப்போ இலவசமாகத் தந்தார்.

கேப்போ என்பது கிட்டாரின் கழுத்தில் கவ்வும் ஸ்பிரிங் கிளிப். எந்தக் கட்டத்தில் கவ்வுகிறதோ அந்த அளவுக்கு எல்லாக் கம்பியும் ஒன்றாக ஏறும். முறுக்க வேண்டாம், எனவே கம்பி இறுகுவதும் இல்லை. ச-ப-ச-ம கூட்டை இரண்டு கட்டையிலேயே வைத்துக்கொண்டு, ஐந்தாம் கட்டத்தில் கேப்போ போட்டால் சரியாக அவளுடைய ஐந்து கட்டை. 'இத மாத்திராதீய' என்று அவள் சொன்ன கூட்டு, மாறாமல் ஏறிவிட்டது. நான் அழுத்த வேண்டியது ஒரு விரல், சில இடங்களில் இரண்டு.

இது என் மூளையில் ஒரு மாசத்துக்கு முன்பே உதித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

ஒத்திகை. நன்றாக வந்தது என்று எழுதப் பயமாக இருக்கிறது. நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பண்டிகை. ஐந்தாவது குறிப்பு.

டைட்டஸ் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தான். எப்சி உட்காரவில்லை. நான் உறையிலிருந்து கிட்டாரை எடுத்தேன். கேப்போவைப் போடும்போது ஸ்பிரிங் திறக்கவில்லை. புதியது, அப்படித்தான் இருக்கும். வீட்டில் போட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும். மறுபடி அழுத்தினேன். கூட்டம் மொத்தமும் என் கையைப் பார்ப்பதாகத் தோன்றியது.

எப்சி குனிந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி சாதாரணமாக, அதை வாங்கி ஐந்தாம் கட்டத்தில் கவ்வவிட்டாள். நிமிர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மீட்டினேன். கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள்.

அதற்கு மேல் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. கீழே இறங்கும் இடம் இறங்கியது. சரணத்தில் அந்த இடம் வந்தபோது இந்த முறையும் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். கம்பிகள் மட்டும் தாமாக ஒலித்துக்கொண்டிருந்தன. யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

முடிந்ததும் டைட்டஸ் ஓடி வந்து, "மாமா, இது என்ன டியூனிங்?" என்றான். "அத்தைகிட்ட கேளு. அவிய சொன்னதுதான்," என்றேன்.

அசன விருந்தில் ஐந்நூறு பேருக்கும் சாப்பாடு. கத்தரிக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது. எப்சியைச் சுற்றி ஒரே கூட்டம். நான் ஓரமாக நின்று கிட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் போதுமான இடம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அசனத்தில் மிஞ்சிய மாங்காய் ஊறுகாயைப் பூரணத்தம்மா ஒரு பாட்டிலில் போட்டு, மூடி இறுக்கிக் கொடுத்தனுப்பியிருந்தாள். மத்தியானம் எப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்றைய அலைச்சல். எழுப்ப வேண்டாம் என்று நானே சோறு போட்டுக்கொண்டு பாட்டிலைத் திறந்தேன்.

திறக்கவில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். வெந்நீரில் காட்டினேன். இடது கையால் பிடிக்க முடியவில்லை, வலது கையால் திருக முடியவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை.

வீட்டிலிருந்த மற்ற பாட்டில்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். எலுமிச்சை ஊறுகாய், காபிப்பொடி, நெய், தேன், என் மாத்திரை டப்பா. எல்லாமே சுண்டு விரலால் தட்டினால் திறக்கிற அளவுக்கு மூடியிருந்தன.

எப்சி எழுந்து வந்திருந்தாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, ஒரு திருகு திருகித் திறந்தாள். எனக்கு இரண்டு துண்டு போட்டாள். பிறகு மூடியை வைத்து, மெதுவாக, பாதி மட்டும் திருகி, அலமாரியில் வைத்தாள்.

முதல் நாள் எழுதிய ஐந்தையும் இப்போது மறுபடி வாசித்தேன். நான்காவதை அன்றே அடித்தாயிற்று. அவளுக்கு ஒன்றுமில்லாதபோது நான் அவளுக்காகக் கம்பியைத் தளர்த்தினேன். அவள் எனக்காகத் தளர்த்தியது மூடிகளை.

என் விரல்களைப் பற்றிய மூன்றாவது குறிப்பு தவறு.